டர்போ போட்ட பழைய மியாட்டாவுக்கு எந்த இசியு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். இரண்டே சீட், குறைந்த எடை, பின்சக்கர ஓட்டம். டர்போ மாட்டி விளையாட ஆசைப்படுகிறவர்கள் இன்றைக்கும் இதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். இங்கே அமெரிக்காவில் நண்பர்கள் சிலர் பழைய மியாட்டா வாங்கி, டர்போ கிட்டையும் வாங்கிவிட்டு, அப்புறம் "கம்ப்யூட்டருக்கு என்ன செய்வது?" என்று போன் செய்வார்கள். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர்தான் இசியு. ஒவ்வொருவரிடமும் சொன்னதைச் சேர்த்து எழுதியதுதான் இது. என் கார் 1992 மாடல், 1.6 லிட்டர். அதனால், வேறு குறிப்பிடாத இடங்களில் எல்லாக் கணக்கும் 1990 முதல் 1993 வரை வந்த 1.6 இன்ஜினுக்கானது.

டர்போ மாட்டிவிட்டேன், கார் நன்றாகத்தான் ஓடுகிறது. கம்ப்யூட்டரை ஏன் தொட வேண்டும்?

மெதுவாக ஓட்டும்வரை நன்றாகத்தான் ஓடும். பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அமுக்கித் தள்ளும் அழுத்தம், ஏறும்போதுதான் சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்ஜின் 1597 சிசி. ஆக ஒரு சிலிண்டருக்குச் சுமார் 400 சிசி. டர்போ இல்லாத நிலையில், காற்று 20 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, சிலிண்டர் 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் காற்று சுமார் 0.38 கிராம். 12.5 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால் 0.03 கிராம் பெட்ரோல் வேண்டும். கம்பெனி இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 210 சிசி போலப் பாய்ச்சும். அந்த அளவைக் கொடுக்க அது ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். 7000 ஆர்பிஎம்மில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றி ஒரு சுழற்சியை முடிக்க 17 மில்லிசெகண்ட் ஆகிறது. 17இல் 12, பிரச்சினை இல்லை.

இப்போது 12 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுங்கள். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 டிகிரி. அதே சிலிண்டருக்குள் இப்போது 0.62 கிராம் காற்று போகிறது. டர்போவில் விகிதத்தை 11.5க்கு இறக்கியாக வேண்டும். கணக்குப்படி இன்ஜெக்டர் 21 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். கிடைப்பதோ 17. இன்ஜெக்டரை மூடாமலே வைத்திருந்தாலும் பெட்ரோல் போதாது. அதைத்தான் லீன் ஆவது என்கிறோம். பூஸ்டில் லீன் ஆன இன்ஜினில் பிஸ்டன் உருகும்.

இது இன்ஜெக்டரின் எல்லை. கம்ப்யூட்டரின் எல்லை அதற்கும் முன்பே வந்துவிடும். 1.6 இன்ஜினில் காற்றை அளப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு கதவு. காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். முழுக்கத் திறந்து முட்டிய பிறகு எவ்வளவு காற்று கூடுதலாகப் போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இக்னிஷன் டைமிங்கும், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரமும், அப்படித்தான். 9.4 கம்ப்ரஷன் உள்ள, பூஸ்டே இல்லாத இன்ஜினுக்காக எழுதிய டைமிங் அது. போதாக்குறைக்கு, பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங்கைக் கேட்கும் நாக் சென்சார் இந்தத் தலைமுறைக் காரில் கிடையாது. இன்ஜின் வலியில் கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

டர்போ இல்லை. கம்பெனி கம்ப்யூட்டரை வைத்தே கொஞ்சம் சுறுசுறுப்பாக்க முடியாதா?

முடியும், செலவே இல்லாமல். அடிப்படை டைமிங் 10 டிகிரியில் வரும். அதை 14 டிகிரிக்குக் கொண்டுபோவது மியாட்டாக்காரர்கள் எல்லோரும் செய்யும் வேலை. இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தால் கம்ப்யூட்டர் டைமிங்கைத் தன் இஷ்டத்துக்கு மாற்றாமல் விட்டுவிடும். ஐடில் 850 ஆர்பிஎம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் உள்ள கேம் சென்சாரின் 12 மில்லிமீட்டர் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை அடித்துக்கொண்டே, மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். டைமிங் லைட் சாதாரணமானதாக இருக்கட்டும். இந்த இன்ஜினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை ஸ்பார்க் வருவதால், டயல் வைத்த டிஜிட்டல் லைட்டுகள் தப்பான எண்ணைக் காட்டுவது உண்டு.

இதற்குப் பிறகு பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும். டர்போ போட்ட காரில் இதைச் செய்யவே கூடாது.

எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே?

90களில் வந்த கிட்டுகளில் அதுதான் இருந்தது. பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தைப் பல பிஎஸ்ஐ ஏற்றிவிடும். ஆனால் இன்ஜெக்டரில் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். இரண்டு மடங்கு பெட்ரோல் வேண்டுமானால் நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். பழைய பம்ப் அவ்வளவு தாங்காது. 5, 6 பிஎஸ்ஐ வரைக்கும் ஒப்பேற்றலாம். அதுவும் டைமிங்கைப் பின்தள்ள வேறு ஏற்பாடு இருந்தால்தான். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் இதை நான் சொல்வதில்லை.

பிக்கிபேக் என்கிறார்களே, அது என்ன?

கம்பெனி கம்ப்யூட்டருக்கும் சென்சார்களுக்கும் நடுவில் உட்கார்ந்து தகவலை மாற்றிச் சொல்லும் பெட்டி. அபெக்ஸியின் எஸ்-ஏஎஃப்சி, கிரெட்டியின் இ-மேனேஜ் எல்லாம் இந்த வகை. காற்று குறைவாக வருகிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொன்னால் அது பெட்ரோலைக் குறைக்கும். கூடுதலாக வருகிறது என்றால் கூட்டும்.

கஷ்டம் என்னவென்றால், கம்ப்யூட்டர் அந்த ஒரே எண்ணை வைத்துத்தான் டைமிங்கையும் முடிவு செய்கிறது. பெரிய இன்ஜெக்டர் மாட்டி, காற்று குறைவு என்று பொய் சொன்னால், லோடு குறைவு என்று நினைத்து டைமிங்கை முன்னால் தள்ளிவிடும். பூஸ்டில் நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். டைமிங்கையும் தனியாகத் திருத்தும் பிக்கிபேக்குகள் உண்டு. அவற்றை அக்கறையாக ட்யூன் செய்து வருடக்கணக்கில் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு மூளைகள் ஒரே இன்ஜினைப் பிடித்து இழுக்கும் ஏற்பாடு அது. பழைய காரோடு ஏற்கெனவே வந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் காசு போட்டு வாங்க வேண்டாம்.

இப்போது வரும் கார்களில் லேப்டாப்பைச் செருகி ரீஃப்ளாஷ் செய்கிறார்களே, மியாட்டாவில் முடியாதா?

2005க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறையிலும், 2015இல் வந்த நான்காம் தலைமுறையிலும் முடியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட் வழியாகவே எக்குடெக், வெர்சாட்யூனர் போன்ற மென்பொருள்கள் கம்பெனி கம்ப்யூட்டருக்குள் புதிய மேப்பை, அதாவது கட்டுப்பாட்டு எண்களின் அட்டவணையை, எழுதிவிடும். அந்தக் கார்களுக்கு இதுதான் சரியான வழி. நான்காம் தலைமுறை 2 லிட்டர் இன்ஜின் 13க்கு 1 கம்ப்ரஷன், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. மாஸ்டா எழுதிய கட்டுப்பாட்டை முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டு வெளிப்பெட்டி வைப்பது பெரும்பாடு. இருப்பதைத் திருத்துவதே புத்திசாலித்தனம்.

முதல் தலைமுறையில் அப்படி உள்ளே நுழைய வாசலே இல்லை. அதனால்தான் அடுத்த கேள்வி.

ஸ்டாண்டலோன் என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது?

கம்பெனி கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, இன்ஜின் முழுவதையும் தானே நடத்தும் பெட்டி. பெரும்பாலும் காற்றை அளக்கக் கதவு, மீட்டர் எதுவும் வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், காற்று எவ்வளவு சூடு, இன்ஜின் என்ன வேகம் என்ற மூன்றையும் வைத்து உள்ளே போன காற்றைக் கணக்கிட்டுவிடும். மேலே நாம் போட்ட கணக்கு அதேதான். பள்ளிக்கூடத்தில் படித்த வாயுச் சமன்பாடு, இந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சூத்திரத்தால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பது. அது கேம், இன்டேக், சைலன்சர், டர்போ எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொரு வேகத்திலும் மாறும். அதற்காக ஒரு அட்டவணை இருக்கிறது. குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே அழுத்தம், பெரும்பாலும் 16க்கு 16 கட்டங்கள். விஇ டேபிள் என்பார்கள். இதேபோல டைமிங்குக்கு ஒன்று, எவ்வளவு ரிச் ஆக, அதாவது பெட்ரோல் தூக்கலாக, இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று. ட்யூனிங் என்பது இந்தக் கட்டங்களை உங்கள் இன்ஜினுக்குச் சரியாக நிரப்பும் வேலை. பக்கத்து வீட்டு மியாட்டாவின் எண்கள் உங்களுடையதற்கு முழுசாகப் பொருந்தாது.

சரி, எந்தப் பெட்டி வாங்கலாம்?

இதற்குப் பதில் சொல்லும் முன் நான் கேட்பது: உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கும் நல்ல ட்யூனர் எந்தப் பெட்டியை அன்றாடம் கையாள்கிறார்? முதலில் அவரிடம் பேசுங்கள். அவருக்குப் பழகிய பெட்டியே உங்களுக்குச் சிறந்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. விலை உயர்ந்த பெட்டியை வாங்கி, அதைத் தொட ஆள் இல்லாமல், நெட்டில் இறக்கிய மேப்போடு ஓட்டி இன்ஜினை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்களே கற்றுக்கொண்டு செய்யப் போகிறீர்கள் என்றால் என் தேர்வு மெகாஸ்குவர்ட். புரூஸ் பவ்லிங், அல் கிரிப்போ என்ற இரண்டு பேர் 2001 வாக்கில் தொடங்கியது. அன்றைக்குச் சர்க்யூட் போர்டை வாங்கி நாமே சால்டர் செய்ய வேண்டும். இப்போது மியாட்டாவின் பிளக்கிலேயே நேராகச் செருகும்படி தயாராக வருகிறது. ட்யூனர்ஸ்டூடியோ என்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம். இருபது வருடத்துக்கு மேலாக மியாட்டாக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருப்பதால், உங்களுக்கு வரும் சந்தேகம் ஏற்கெனவே யாருக்கோ வந்திருக்கும். வழக்கமாக இதற்குள் வரும் அழுத்த சென்சார் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும். அதாவது 20 பிஎஸ்ஐ பூஸ்டுக்குக் கவலை இல்லை.

ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் ஓடும் ஸ்பீடுயினோ எல்லாவற்றிலும் மலிவு. எலக்ட்ரானிக்ஸ் பிடிக்கும், கையில் மல்டிமீட்டர் இருக்கிறது, கார் ஒரு மாதம் நின்றாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். தினமும் வேலைக்குப் போகிற கார் என்றால் வேண்டாம்.

நியூசிலாந்தின் லிங்க், ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், இரண்டும் மேல்தட்டு. விலை கூடுதல்தான். ஆனால் நாக் கட்டுப்பாடு, பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் பூஸ்டை வெட்டுவது மாதிரியான இன்ஜின் பாதுகாப்பெல்லாம் ஒழுங்காகச் செய்திருப்பார்கள். டிராக்கில் ஓட்டுபவர்கள், தொழில்முறை ட்யூனரிடம் விடப்போகிறவர்கள் இந்தப் பக்கம் போகலாம்.

பிளக் அண்ட் பிளே என்றால் செருகினால் போதும்தானே?

செருகுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் 1.6 காரில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

பழைய காற்றுக் கதவைக் கழற்றினால் பெட்ரோல் பம்ப் ஓடாது. கதவு அசைந்தால்தான் பம்ப் ஓட வேண்டும் என்று அதற்குள்ளேயே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கட்டும் என்ற பாதுகாப்பு. ஆகவே பம்ப்பை நடத்தும் பொறுப்பைப் புதிய பெட்டிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். சும்மா ஒயரைச் சுருக்கி எப்போதும் ஓடவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அடுத்தது, மேனுவல் கியர் 1.6 காரில் ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் கிடையாது. இருப்பது சுவிட்ச்தான். மூடியிருக்கிறதா, முழுதும் திறந்ததா என்று மட்டும் சொல்லும். பெடலை மிதித்த கணத்தில் பெட்ரோல் கூட்ட இது போதாது. ஆட்டோமேட்டிக் மியாட்டாவில் வந்த, அளவு சொல்லும் சென்சாரை மாட்டிக்கொள்வது வழக்கம்.

மூன்றாவது காற்றுச் சூடு. பழைய சென்சார் அந்தக் கதவுப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது போனதும் புதிது ஒன்று வைக்க வேண்டும். அதை இன்டர்கூலருக்குப் பிறகு, காற்றோட்டம் படும் குழாயில் வையுங்கள். மேனிஃபோல்டின் உலோகத்தில் வைத்தால், சிக்னலில் நின்றிருந்த காரில் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, அலுமினியத்தின் சூட்டைத்தான் சொல்லும்.

இன்ஜெக்டர் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

200 குதிரைத்திறன் இலக்கு என்றால் கணக்குப்படி 400 சிசி பக்கம் போதும். பலர் 550 போடுகிறார்கள். முன்பு 21 மில்லிசெகண்ட் வந்த அதே இடத்தில் 550க்கு 8 மில்லிசெகண்ட்தான். தாராளம்.

ஆனால் ஐடிலைப் பாருங்கள். அங்கே தேவைப்படும் பெட்ரோலுக்கு 550 சிசி இன்ஜெக்டர் 0.8 மில்லிசெகண்ட் திறந்தால் போதும். மின்சாரம் கொடுத்த பிறகு ஊசி தூக்கிக்கொள்ளவே கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் ஆகும். அதை டெட் டைம் என்பார்கள். பெட்ரோல் பாயும் நேரத்தைவிட வீணாகும் நேரம் அதிகம்! பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் டெட் டைம் இன்னும் கூடும். அதனால்தான் இரவில் ஹெட்லைட், ஃபேன், ஏசி எல்லாம் ஓடும்போது சில கார்களின் ஐடில் தள்ளாடும். இன்ஜெக்டர் வாங்கும்போது ஒவ்வொரு வோல்டேஜுக்கும் டெட் டைம் என்ன என்ற அட்டவணையோடு தருகிறவரிடம் வாங்குங்கள். அது இல்லாத மலிவு இன்ஜெக்டர், ட்யூனிங் நேரத்தில் மிச்சம் பிடித்த காசைத் திரும்ப வாங்கிவிடும்.

வைட்பேண்ட் சென்சார் கட்டாயமா?

கட்டாயம். வெளியேறும் புகையை வைத்து காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே சொல்லும் சென்சார் இது. டர்போவுக்கு முன்னாலேயே வாங்குங்கள் என்பேன். காரோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார் 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். 11.5ஆ 13ஆ என்று அதற்குத் தெரியாது. பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் வைத்த எந்த நல்ல மீட்டரும் சரி. டர்போவுக்குப் பின்னால், வெளியேறும் குழாயில், சூடு கொஞ்சம் தணிந்த இடத்தில், தண்ணீர் தேங்காதபடி சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும்.

எர்த் விஷயத்தில் கவனம். என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாரம் மாலை நேரங்களில் ஓட்டி விஇ டேபிளைத் திருத்தினேன். பகலில் ஓட்டினால் எல்லாம் ரிச். மறுபடி திருத்தினால் இரவில் லீன் என்று காட்டியது. கடைசியில் வீட்டு வாசலில் ஐடிலில் விட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே ஹெட்லைட் சுவிட்சைப் போட்டேன். மடங்கியிருந்த இரண்டு விளக்கும் மேலே எழும்பின, லேப்டாப்பில் விகிதம் 0.4 நகர்ந்தது. டேஷ்போர்டில் இருந்த மீட்டரோ அசையவே இல்லை. மீட்டரின் எர்த்தை டேஷ்போர்டுக்குள் ஒரு போல்ட்டில் கொடுத்திருந்தேன், பெட்டியின் எர்த் இன்ஜினில் இருந்தது. விளக்கு எரியும்போது இரண்டுக்கும் நடுவில் 0.2 வோல்ட் வித்தியாசம். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு 2 புள்ளி என்று அனுப்புவதால், அதுதான் 0.4. இரண்டு எர்த்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. நீங்களும் ட்யூனிங் தொடங்கும் முன் இந்த ஹெட்லைட் சோதனையைச் செய்துவிடுங்கள்.

நானே ட்யூன் செய்யலாமா?

பெட்ரோல் அட்டவணையை, பூஸ்ட் இல்லாத பகுதியில், தாராளமாக. ஒருவர் ஓட்ட, பக்கத்து சீட்டில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார வேண்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கட்டும். கணக்கு எளிது. ஒரு கட்டத்தில் 60 இருக்கிறது, இலக்கு 14.7, வைட்பேண்ட் 15.4 காட்டுகிறது என்றால் 60ஐ 15.4ஆல் பெருக்கி 14.7ஆல் வகுங்கள். 63 வரும். ட்யூனர்ஸ்டூடியோவின் கட்டணப் பதிப்பு இதைத் தானாகவே செய்யும். ஆனால் அது நிரப்பியதை அப்படியே நம்பாமல் அட்டவணையை முப்பரிமாண வரைபடமாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல மேப் மண்மேடு மாதிரி வழவழப்பாக ஏறி இறங்கும். நடுவில் ஒரு கட்டம் மட்டும் முள்ளாக நீட்டினால் அங்கே தப்பான பதிவு புகுந்திருக்கிறது.

பூஸ்டில் டைமிங்கை மட்டும் ரோட்டில் தேட வேண்டாம். பெட்ரோல் தவறு என்றால் வைட்பேண்ட் உடனே காட்டிவிடும். டைமிங் தவறைக் காட்ட மீட்டர் கிடையாது, அதற்கு டைனோ, அதாவது காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அதன் சக்தியை அளக்கும் இயந்திரம், வேண்டும்.

டைனோவில் என்ன செய்வார்கள்?

நல்ல ட்யூனர் வந்ததும் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டமாட்டார். முதலில் டைமிங் லைட் அடித்து, பெட்டி சொல்வதும் கிராங்கில் தெரிவதும் ஒன்றா என்று பார்ப்பார். இதைச் செய்யாமல் ஆரம்பிக்கிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அப்புறம் டைனோ வேகத்தைப் பிடித்து நிறுத்த, ஒவ்வொரு லோடிலும் டைமிங்கை இரண்டு டிகிரியாக முன்தள்ளி டார்க் (சுழற்றும் விசை) கூடுகிறதா என்று பார்ப்பார். ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. அதற்கு மேல் தள்ளுவது வீண். பூஸ்டில் சாதாரண பெட்ரோலோடு போனால் அந்த உச்சம் வருவதற்கு முன்பே நாக்கிங் வந்து நிற்கும். அங்கிருந்து இரண்டு மூன்று டிகிரி பின்னால் வந்து நிறுத்துவார்.

போகும்போது புது ஸ்பார்க் பிளக் மாட்டிக்கொண்டு போங்கள். ஒரு படி குளிர்ச்சியான வகை, இடைவெளி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர். 1.1 வைத்தால் பூஸ்டில் ஸ்பார்க் அணைந்துபோகும். டேங்கில் நீங்கள் எப்போதும் போடும் பெட்ரோலே இருக்கட்டும். குழாய் கிளாம்புகளை முந்தின நாளே இறுக்கிவிடுங்கள். டைனோவுக்கு மணிக்கணக்கில் காசு, அங்கே போய்க் காற்றுக் கசிவைத் தேடினால் மனசு வலிக்கும்.

காற்று-பெட்ரோல் விகிதம் எவ்வளவு வைக்கலாம்?

சீராக ஓடும்போது 14.7. பூஸ்ட் இல்லாமல் முழு மிதியில் 12.5 முதல் 13. பூஸ்டில் 11.5 முதல் 12. இவை தொடக்கப் புள்ளிகள்தான்.

நாக்கிங் வருகிறது என்று எப்படித் தெரியும்?

பூஸ்டில் ஓடும் காருக்குள் உட்கார்ந்து காதால் கேட்க முடியாது. அரை அடி செப்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி, துளை போட்டு, இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மறுமுனையில் ரப்பர் குழாய். அதைக் காது மூடும் ஹெட்செட்டுக்குள் செருகிக்கொண்டால் இன்ஜின் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். இரும்புத் தகட்டில் கூழாங்கல் தெறிக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் அதுதான். பல ட்யூனர்கள் இன்றும் இதை நம்புகிறார்கள். சென்சார் வைத்துச் செய்வதானால், 78 மில்லிமீட்டர் போர் உள்ள இந்த இன்ஜினில் நாக் 7.3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும். பெட்டியில் அந்த அலைவரிசையைத்தான் கவனிக்கச் சொல்ல வேண்டும்.

ஈ85 போடலாமா?

எத்தனால் பெருமளவு கலந்த அருமையான எரிபொருள். உள்ளே குளிர்ச்சி, நாக்கிங் பயம் வெகுவாகக் குறையும். அளவில் முப்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும் என்பதால் இன்ஜெக்டரும் பம்ப்பும் பெரிதாக வேண்டும். பெட்ரோல் பங்குக்குப் பங்கு எத்தனால் அளவு மாறும். எத்தனால் சென்சார் வைத்து, பெட்டியே மேப்பை மாற்றிக்கொள்ளும்படி அமையுங்கள்.

கம்பெனி இன்ஜின் எவ்வளவு தாங்கும்?

நன்றாக ட்யூன் செய்தால் சக்கரத்தில் 200 குதிரைத்திறன் வரை நிம்மதி. அதற்கு மேல் கனெக்டிங் ராடு வளையும் பயம். 1.6 காரின் சிறிய டிஃபரன்ஷியல் அதற்கும் முன்பே கைவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் மாற்றங்களை அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டமான கிளீன் ஏர் ஆக்ட் தடை செய்கிறது. நடைமுறையில் மாநிலத்துக்கு மாநிலம் கெடுபிடி வேறு. கலிஃபோர்னியாவில் டர்போ கிட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் மாநில அனுமதி எண் வேண்டும். 2021 ஜூலை முதல் அங்கே ஸ்மாக் எனும் புகைச் சோதனையில் புதிய கார்களின் கம்ப்யூட்டர் மென்பொருள் திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் இதெல்லாம் செய்ய முடியுமா?

ஊரிலிருந்து தம்பிகள் கேட்கும் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாற்றுவதற்குக் குறுக்கே நிற்கின்றன. ரோட்டுக் காரில் கை வைக்காமல், டிராக்குக்கு என்று தனியாகக் கட்டும் காரில் செய்வதே சரி. இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி ஸ்பீட்வேயும் அதற்குத்தான் இருக்கின்றன. இங்கே எழுதிய டைமிங் விஷயங்களை அப்படியே எடுக்காதீர்கள். அமெரிக்க பெட்ரோல் பங்கில் 91 என்று போட்டிருப்பது இந்திய முறையில் ஏறத்தாழ 95 ஆக்டேன்.

டைனோ முடிந்துவிட்டது. இனி வேலை இல்லைதானே?

மேப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ட்யூனர் சில பெட்டிகளில் பூட்டுப் போட்டுத் தருவார். காசு கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் வேலை பாக்கி இருக்கும். டைனோவில் இன்ஜின் எப்போதும் சூடு, ட்யூனரால் அதைப் பார்க்கவே முடியாது. அது உங்கள் வேலைதான், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. காலையில் லேப்டாப்பைச் செருகி, பதிவை ஓடவிட்டு, சாவியைத் திருப்புங்கள். உடனே பிடித்ததா, பிடித்துவிட்டு அணைந்ததா, எத்தனை டிகிரி குளிரில், வைட்பேண்ட் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மறுநாள் காலை வரை காத்திருங்கள். என் காரில் நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை ஆனது. இப்போது உறைபனியிலும் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்கிறது.